அறியொணாக் கொள்கையும் அறவொழுக்கமும்

கடவுள் உண்டென்று துணியாதார் அறவொழுக்கத்தின்கண் நிலைபெற்று நிற்றல் கூடுமோ என்னும் வினா, சமய நூல்களைப் பயில்வார் பலர்க்கும் நிகழ்வதொன்றாம். கூடாதென்பார், மறுமையச்சமும் இறைவன்பால் அன்பும் இல்வழி, தீயவழியிற் செல்லும் நெஞ்சினைத் தடுப்பது யாதுமில்லை என்பர். கூடுமென்பார், அங்ஙனம் வாழ்ந்தார் சிலரை எடுத்துக் காட்டுவர். இருதிறத்தாரும் பெரும்பாலும் சொல்லளவில் நின்று வாதிடுதலின், வாழ்ந்து காட்டிய ஒருவர் வரலாற்றை முன்வைத்து, அதனைச் சித்தாந்த நூல் நெறியால் ஆராய்தல் பயனுடைத்தாம். அதற்கேற்ற வரலாறு, 'அக்நாஸ்டிக்' என்னும் பெயரைத் தாமே ஆக்கித் தமக்குச் சூட்டிக்கொண்ட ஆங்கில அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்பாருடையது.

இவர் 1825ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் இலண்டன் நகரத்தை அடுத்த ஈலிங் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் பள்ளியாசிரியர். எனினும் இவர் பள்ளியிற் பயின்றது இரண்டாண்டேயாம்; எஞ்சிய கல்வியெல்லாம் தம் முயற்சியாற் பெற்றதே. மருத்துவம் கற்று, 1846ஆம் ஆண்டில் 'ராட்டில்ஸ்னேக்' என்னும் அரசாங்கக் கப்பலில் உதவி மருத்துவராக அமர்ந்து, ஆஸ்திரேலியக் கடற்புறங்களில் நான்காண்டு உழன்றார். ஆண்டுக் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்து எழுதியவற்றால் இவர் பெயர் தாயகத்திற் பரவிற்று. 1851ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தின் உறுப்பினராயினார். சிட்னி நகரில் 1847ஆம் ஆண்டில் தம்மால் விரும்பப்பட்ட ஹென்றியெட்டா என்னும் நங்கையை, வருவாய் போதாமையால் எட்டாண்டு காத்திருந்து, 1855ஆம் ஆண்டிலே மணந்தார். இங்ஙனம் சொல் தவறாது காத்திருந்தமை ஒன்றே இவர்தம் ஒழுக்கத்திற்கு முதற் சான்றாகும்.

டார்வின் என்பார் உயிர்வகைகளின் தோற்றத்தைப் பற்றிய தம் நூலை 1859ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட, அதனைக் கிறித்தவ குருமார் பலர் கடிந்தனர். ஹக்ஸ்லி டார்வினுக்குத் துணைநின்று, 1860ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் வில்பர்போர்ஸ் என்னும் அத்தியட்சரோடு வாதிட்டமை யாவரும் அறிந்தது. அவ்வாதத்தைப் பலரும் அறிவர். அதன்பின் மூன்று திங்கள் நிரம்புமுன் அவர்க்கு நேர்ந்ததனை அறிவார் சிலரே.

அவர்க்குத் தலைமகனாகிய நோயல் 1856ஆம் ஆண்டின் இறுதி நாளிரவிற் பிறந்தவன். அவன் பிறப்பினை எதிர்நோக்கியிருந்த அவ்விரவில், தம் எஞ்சிய வாழ்நாளில் பொய்ம்மையைக் கடிதலும், தம் பணி தம் பெயராற் போற்றப்படினும் படாதொழியினும் அது நிறைவேறுதலொன்றையே கருதுதலும் தம் கடன் என அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தனர். நான்காண்டு நிரம்பாத அம்மகவு, 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், செங்காய்ச்சல் என்னும் நோயினால் 48 மணி நேரத்தில் இறந்துபட்டது. முன்னெழுதிய அந்நாட்குறிப்பின் கீழேயே இவ்விறப்பினையும் தந்தை தம் கையாற் குறித்துவைத்தார்.

அடக்கம் செய்யும் நிலத்தில், குரு தம் கடமைப்படி வேத வாசகத்தை ஓதினார். இறந்தார் மீண்டு எழுதல் இல்லையாயின் உண்டு குடித்துக் களிப்போம், நாளை மாய்வோமாகலின், என்னும் கருத்துடைய பகுதி அதன்கண் வந்தது. அதனைக் கேட்டமாத்திரத்தில் ஹக்ஸ்லியின் உள்ளம் துணுக்குற்றது. சில நாட்கழித்து, தம் துயர்க்கு இரங்கி ஆறுதல் எழுதிய சார்லஸ் கிங்ஸ்லி என்னும் கிறித்தவ குருவுக்கு, செப்டம்பர் 23ஆம் நாள் நெடியதொரு விடை வரைந்தார். ஈடுசெய்யலாகாத இழப்பொன்று தமக்கு நேர்ந்தமையால், தாம் மக்கட்டன்மையைத் துறந்து விலங்கினும் இழிந்து ஒழுகல் வேண்டுமோ என்பது அதன்கண் அவர் எழுப்பிய வினா. விலங்குகளும் தம் குட்டியை இழந்தபொழுது களியாட்டிற் புகுதல் இல்லையே என்பதும் அவர் கருத்து.

அக்கடிதம் உண்மையை மறையாது எழுதப்பட்டமையின் சமய நூலார் கருதத் தக்கது. உயிர் இறப்பின்பின் நிலைபெறும் என்பதனைத் தாம் உடன்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நம்புதற்குக் காரணம் காணாமையும், பொய்யென்று நாட்டுதற்கு வழி காணாமையும் ஒப்ப உள என்றார். இளமையில் வழிகாட்டுவார் இன்றித் தாம் தீயொழுக்கத்தில் வீழ்ந்ததனையும் நாணத்தோடு ஒப்புக்கொண்டார். அதனின்று தம்மை மீட்டவை, மறுமை பற்றிய அச்சமோ பயனாசையோ அல்ல. கார்லைல் என்பார் நூலொன்றால் ஆழ்ந்த பத்தியுணர்வு சமயக் கோட்பாடின்றியும் நிற்கும் என்றறிந்தமையும், இயற்கைப் பொருளாராய்ச்சியும், இல்வாழ்க்கையில் எய்திய அன்புமாகிய மூன்றுமே என்றார். மெய்ம்மையின் முன்னர்ச் சிறுகுழவிபோல் அமர்ந்து, தன் முற்கோட்பாடனைத்தையும் கைவிட்டு, அது செலுத்திய வழிச் சேறலே இறைவன் திருவுளத்திற்குத் தன்னை முற்றும் ஒப்புவித்தல் என்பதன் பொருளெனத் தாம் உணர்ந்ததாகவும் உரைத்தார். மனைவி, மக்கள், புகழ் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக இழப்பினும் பொய் கூறேன் என்பதே அக்கடிதத்தின் உறுதிப்பாடு.

இனி, 'அக்நாஸ்டிக்' என்னும் பெயர் தோன்றிய வரலாறு கூறுவாம். 1869ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நோல்ஸ் என்பார் முயற்சியால் இலண்டனில் தத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒன்று கூடிற்று. டெனிசன் என்னும் பெரும்புலவர், கிளாட்ஸ்டன் என்னும் அரசியற்றலைவர், மேனிங் என்னும் கத்தோலிக்கத் தலைமைக் குரு முதலாயினார் அதன் உறுப்பினர். அவருள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கொள்கைப் பெயர் உடையராயிருப்ப, ஹக்ஸ்லி ஒருவரே பெயரில்லாதவராயினார். அதுபற்றி அவ்வாண்டிலேயே அவர் அப்பெயரை ஆக்கிக்கொண்டார். பண்டைக் கிறித்தவ சபை வரலாற்றில், தாம் அறியாத பொருளெல்லாம் அறிந்ததாகக் கூறிய 'நாஸ்டிக்' என்பாருக்கு மறுதலையாகத் தாம் அறியாதவர் என்பது அதன் பொருள். ஞானம் என்னும் வடசொல்லோடு இனமுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அது. ஒலியொப்புமை பற்றி இதனை நாத்திகம் என்னும் சொல்லோடு ஒன்றெனக் கொள்வாருளர், இரண்டும் வேறென்க.

1888ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டர் நகரிற் கூடிய சபை மாநாட்டில், வேஸ் என்னும் குரு, இப்பெயர் நம்பிக்கையின்மையை மறைக்கும் போர்வையே என்று இகழ்ந்தனர். அதற்கு விடையாக 1889ஆம் ஆண்டில் ஹக்ஸ்லி எழுதிய கட்டுரையில், தம் நெறி ஒரு சமயக் கோட்பாடு அன்று, ஆராய்ச்சி முறையே என்றும், அறிவு செல்லுந்துணையும் அதனைப் பின்பற்றுதலும், நாட்டப்படாத ஒன்றை நாட்டப்பட்டதாகப் பாராட்டாமையும் அதன் இரண்டு கூறுகள் என்றும் விளக்கினார். இக்காலத்தை ஒட்டிச் சென்னையிலும் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தமிழிதழ், கடவுட்கொள்கையை மறுத்தும் ஐயுற்றும் எழுதியோர் கருத்துக்களைத் தாங்கி வெளிவந்தமை ஈண்டு நினைக்கத் தக்கது.

ஹக்ஸ்லியின் ஒழுக்கம் சொல்லளவில் நின்றதன்று. தொழிலாளர்க்கென எளிய கட்டணத்தில் விரிவுரைகள் ஆற்றினார். அரசினர் அமைத்த ஆராய்ச்சிக் குழுக்கள் பலவற்றில் உழைத்தார். 1870ஆம் ஆண்டில் இலண்டன் பள்ளிக் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏழைச் சிறார் கல்விக்கு முயன்றார். அக்கழகத்தில் அவர் கூறியதொன்று பலர்க்கும் வியப்பினை விளைத்தது. சமயக் கோட்பாடுகளை விலக்கி, விவிலிய நூலைப் பள்ளிகளில் ஓதுவித்தல் வேண்டும். ஒழுக்கவுணர்வை வளர்த்தற்கு அதனையொத்த கருவி வேறு காணேன் என்றார். தாம் நம்பாத நூலின் பயனையும் மறையாது கூறிய நடுவுநிலைமை இது.

இங்ஙனம் நீண்டநாள் ஆராய்ந்த அவர், 1893ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய விரிவுரையில், தம் வாழ்நாளின் முடிந்த கருத்தை வெளியிட்டார். உலகத்தின் இயற்கைப் போக்கு வலியது வாழ, மெலியது மாய நிகழ்வது. அறமோ, வலியானை அடக்குவது, மெலியானைத் தாங்குவது. ஆகலின் அறவொழுக்கம் இயற்கையைப் பின்பற்றுதலால் எய்துவதன்று, அதனோடு எதிர்த்து நிற்றலால் எய்துவதே என்பது அவ்விரிவுரையின் துணிபு. இதனையே பின்னர்த் தோட்டத்தின்மேல் வைத்து விளக்கினார். உழவன் கைவாங்கிய அன்றே களைகள் எழுந்து பயிரை விழுங்குமாறு போல, மக்கள் முயற்சி ஒழிந்த அன்றே அறமும் இயற்கையால் விழுங்கப்படும் என்றார். அவ்விரிவுரையில் நம் நாட்டுக் கன்மக் கொள்கையையும் மறுபிறப்புக் கொள்கையையும் எடுத்தோதி, அவற்றை ஆராயாது இகழ்வார் அவசரக்காரரே எனவும் குறித்தார். ஆயினும் அவர் எடுத்துப் பேசியன உபநிடதக் கருத்தும் புத்தர் கொள்கையுமே. சித்தாந்த சைவம் அதன்கண் இடம்பெறவில்லை.

இவ்வரலாற்றைச் சித்தாந்தத்தின்வைத்து ஆராய்வாம். கடவுளை வேண்டாது அறத்தை உடன்பட்ட கொள்கைகள் நம் முன்னோர்க்குப் புதியன அல்ல. அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தில் எடுத்து மறுத்த பதினான்கு மதங்களுள், உலகாயதம் ஒன்றே இன்பநுகர்ச்சியை வாழ்வின் பயனென்று கொண்டது. பௌத்தரும், நிகண்டவாதி முதலியோரும், கன்மமே பயன்தரும் என்ற பட்டாசாரியனும், நிரீச்சுர சாங்கியனும் இறைவனை வேண்டாராயினும் ஒழுக்கத்தை வேண்டினர். ஆகலின் கடவுட்கொள்கை இல்லாதார் அனைவரையும் உலகாயதரோடு ஒருங்கெண்ணுதல் நூல்வழக்கன்று. நோயலின் குழிமுன் ஓதப்பட்ட வாசகமோ, ஐயுற்றார் யாவரையும் உலகாயதராக்கி விடுகின்றது. தந்தையின் உள்ளம் கொதித்ததற்குக் காரணம் இதுவே.

இனி, அறியொணாக் கொள்கையின் உட்பொருளை நோக்கின், அதன் ஒரு பாதி சித்தாந்தத்திற்கு உடன்பாடாதல் காணலாம். சிவஞானபோதம் ஆறாஞ் சூத்திரம் இறைவனியல்பினை ஆராயுமிடத்து, உயிரறிவாற் சுட்டியறியப்படுவது அழிபொருளாம் என்றும், எவ்வாற்றானும் அறியப்படாதது இல்பொருளாம் என்றும், இவ்விரண்டினும் வேறாய் நிற்பதே சிவசத்து என்றும் துணிகின்றது. பொறிகளாலும் கரணங்களாலும் பதி அறியப்படாது என்று ஹக்ஸ்லி கூறினாராயின், அது பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் பதி அறியப்படாது என்னும் நம் கோட்பாடேயாம். அவர் நின்றுவிட்டது அம்முதற் பகுதியிலேதான். அறிவுக்கெட்டாத பொருள் தானே தன்னை அறிவித்தலும் உண்டு, அங்ஙனம் அறிவிக்கும் அறிவே பதிஞானம் என்னும் எஞ்சிய பகுதி அவர்க்குத் தெரிந்திலது. அறியாததனை அறிந்ததாகப் பாராட்டிய குற்றம் அவர்பால் இல்லை. அறிதற்குரிய வழி இதுவொன்றேயென வரையறுத்த குறை உண்டு.

அற்றேல், இத்தகையார் செய்த அறம் என்னாம்? அரனடியை மறந்து செய்யும் அறமெல்லாம் வீணென்றும், அவன்பால் அன்பில்லார் புண்ணியம் பாவமேயாம் என்றும் சிவஞானசித்தியார் இரண்டாஞ் சூத்திரத்தில் ஓதப்பட்டமையின், ஹக்ஸ்லி முதலியோர் ஒழுக்கமும் பயனற்றதன்றோ எனின், அஃதன்று. ஆசிரியர் அவ்விடத்துத் தாமே தந்த எடுத்துக்காட்டு, அதன் பொருளை வரையறுத்து நிற்கின்றது. பாவமான புண்ணியத்திற்குக் காட்டியது தக்கன் வேள்வி. தக்கன் சிவபெருமானை அறியாதவன் அல்லன். அவன்பால் வரம் பெற்றும், அவனை இகழ்தற்பொருட்டே வேள்வி தொடங்கியவன். மறத்தல் என்பதும் முன் அறிந்தார்க்கே உரியது. அறிந்து பகைத்தலும், அறிந்து மறத்தலும், அறியாமையும் தம்முள் வேறாகலின், முன்னையவற்றிற்கு ஓதிய குற்றத்தைப் பின்னதன்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

அன்றியும், அச்சூத்திரத்திலேயே ஒழுக்கம், அன்பு, அருள், வாய்மை, அடக்கம் முதலிய குற்றமற்ற அறங்கள் இறைவன் இட்ட பணிகளேயாம் என்று அவ்வாசிரியர் அருளினார். இட்டவன் பெயர் அறியாத ஏவலன் ஒருவன் பணியைச் செவ்வனே செய்தானாயின், பணி செய்யப்பட்டதேயாம். செய்வினைக்குப் பயன் கூட்டுவோன் சிவபெருமானே என்பது நம் கொள்கையாதலின், அவ்வறமும் அவனாற் கொள்ளப்பட்டுப் பயன் பயவாதொழியாது. வீண் என்றது வீடு பயவாமை பற்றி என்க. அறம் வினைப்பயனைத் தரும். ஞானமே வீட்டைத் தரும். இவ்வேறுபாட்டினை மறந்தவிடத்தே, அன்பர் சிலர் பிற கொள்கையாருடைய அறத்தைப் பழிக்கவும், வேறு சிலர் அறமொன்றே அமையும், இறைவழிபாடு வேண்டா எனவும் மயங்குகின்றனர்.

இதற்குத் திருத்தொண்டர் புராணத்தினும் சான்றுண்டு. மருணீக்கியார் பெற்றோரை இழந்து, தமக்கையார்க்கு நேர்ந்த துயரத்தையும் கண்டு, உலகநிலையாமையை உணர்ந்து, அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் தொட்டார். பின்னர் மெய்ந்நெறி யாதென ஆராயப் புக்கு, இறைவனருள் அப்பொழுது கைகூடாமையின் சமணம் சார்ந்தார் என்பர் சேக்கிழார் பெருமான். துயரத்தாற் கலங்கிய நெஞ்சம், மெய்ம்மையை நாடி, தவறிய வழியிற் சென்றதனைக் குறிக்குமிடத்தும், அவ்வுள்ளத்தின் நேர்மையைச் சேக்கிழார் இகழ்ந்திலர். பிழையை ஆராய்ச்சியின்மேல் ஏற்றாது, அருள் வருங்காலம் இன்னும் வாராமைமேல் வைத்தனர். அவர் செய்த அறங்களையும் மறையாது விரித்துரைத்தனர். திருநாவுக்கரசராகிய பின்னரும் அம்முன்னை அறங்கள் வீணென அப்புராணத்தில் ஓதப்படவில்லை. அருள் சூலையாய் வந்து ஆட்கொள்ளும் வரை, அவ்வுள்ளம் அறத்தாற் பண்பட்டிருந்தது.

ஆயின், ஹக்ஸ்லியின் கொள்கை குறைவற்றதோ எனின், அன்று. அறம் இயற்கைக்கு மாறானது என்று அவர் தாமே நாட்டினமையின், அது பின் எங்கிருந்து வந்தது என்னும் வினா எழாநிற்கும். சடமாகிய மாயையின் காரியத்தில் அறத்திற்கு வேர் இல்லையாயின், அஃது அறிவுடைப் பொருளைச் சார்ந்தே நிற்றல் வேண்டும். உயிரோ ஆணவத்தால் மறைப்புண்டு தன்னலத்தையே நாடுவது. அங்ஙனமாகவும், பிறர்க்கென முயலுதலும் பொய்க்கு அஞ்சுதலும் அவ்வுயிரின்கண் எழுவது, உள்நின்று உணர்த்துவான் ஒருவன் உளனாதலை உணர்த்தும். சித்தாந்தம் இதனைத் திரோதான சத்தியின் தொழில் என்னும். களைகளுக்கிடையே தோட்டம் காப்பதனை ஹக்ஸ்லி கண்டார். காக்கும் உழவனையும் கண்டார். அவ்வுழவனுக்கு உள்நின்று கைகொடுப்பானைக் கண்டிலர்.

இன்னுமொரு குறையும் உண்டு. அறம் துயரைப் பொறுக்கச் செய்யும். ஆற்றுதற்கு அதன்கண் வலியில்லை. மகவிழந்த தந்தை பொய்ம்மை பேசாது நின்றது ஆண்மை. அவ்வாண்மை நின்றவிடத்தும் அவர்தம் துயரம் துணையின்றியே நின்றது. துன்பத்தை வினைப்பயனென்று அறிந்து, ஊட்டுவான் தாயினும் இனியன் என்று தெளிந்து, அவன் தாள் பற்றி அழுதற்கு ஓரிடம் பெற்றவர் அடையும் அமைதி, அறம் ஒன்றே உடையார்க்கு எய்துதல் அரிது. திருமுறைகள் அன்பர்க்கு அளிப்பது இவ்விடத்தையே.

ஹக்ஸ்லி 1895ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் நாள் ஈஸ்ட்போர்ன் என்னுமிடத்தில் உலகு நீத்தார். ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உரையுடன் வெளியிட்டதும் அவ்வாண்டிலேயேயாம். அவருடல் பின்ச்லி என்னும் இடத்தில், முப்பத்தைந்தாண்டின் முன் அடக்கஞ் செய்யப்பட்ட நோயலின் அருகே வைக்கப்பட்டது. குழவியை அடக்கிய நாளில் ஆண்டுச் சிறுகன்றாய் நின்ற கருவாலி மரம், அப்பொழுது வளர்ந்து நிழல் தந்து நின்றது. அவர்தம் கல்லறைமேல், அவர் விரும்பியவாறே, மனைவியார் இயற்றிய பாட்டின் மூன்றடிகள் பொறிக்கப்பட்டன. அழுது காத்திருப்போரை அஞ்சற்க என்பதும், தன் அன்பர்க்கு உறக்கம் தருவோன் இறைவன் என்பதும், அவன் முடிவில்லாத உறக்கத்தையே திருவுளங்கொண்டானாயின் அதுவே நன்றென்பதும் அவற்றின் கருத்து. அறியேன் என்று வாழ்நாளெல்லாம் கூறியவர் கல்லறையில், அவன் திருவுளப்படியே ஆகுக என்னும் சொல் நிற்கின்றது. அதனை அவர் எவ்வளவிற்குக் கொண்டார் என்பது அவரோடு இறைவனே அறிவதாகலின், அதுபற்றித் துணிந்து கூறுதல் நமக்கு அடாது.

இவ்வாற்றால், இறைநம்பிக்கை இல்லாதாரிடத்தும் அறவொழுக்கம் நிகழ்தல் கூடும் என்பதும், அவ்வொழுக்கத்தை நிகழ்த்துவதும் அவர் அறியாத திருவருளே என்பதும், அறம் பயன்படினும் பதிஞானம் இன்றி வீடு இன்று என்பதும் பெறப்பட்டன. சைவ நன்மக்கள் இவ்வரலாற்றினின்று கொள்ளத் தக்கது மற்றுமொன்று உண்டு. ஐயுற்றானொருவன் தன் குழவியைக் குழியில் வைத்து நிற்கும் பொழுது, நம்பாதவனுக்கு ஒழுக்கம் ஏது என்னும் சொல் அவனைச் சமயத்திற்கு அழைப்பதன்று; சமயத்தினின்று அகற்றுவது. 1860ஆம் ஆண்டில் அச்சொல்லை ஓதிய குரு தீயவர் அல்லர். முறைப்படி ஓத வேண்டியதனையே ஓதினார். ஆயினும் அஃது ஒரு பேரறிஞர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இறைவனை அன்பே சிவமெனக் கண்ட மரபினர், அச்சத்தால் அன்றி அன்பினாலேயே பிறரை அழைத்தற்கு உரியர். ஐயுறுவார் நம்பால் முதலிற் காண்பது நம் நூல்களையன்று, நம் ஒழுக்கத்தையே ஆகலின், அதனைக் காத்தல் சிவபுண்ணியமாம் என்க.

சிவம்.